யூக்கான் சுற்றுலா: திட்டமிடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கனடாவின் வடமேற்கு மூலையில், அலாஸ்காவை ஒட்டிக் கிடக்கிறது யூக்கான். நான் டொராண்டோவில் இருந்து மூன்று முறை அங்கே போய் வந்திருக்கிறேன். இரண்டு தடவை ஜூலையில், ஒரு தடவை செப்டம்பர் தொடக்கத்தில். ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு நான் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

அப்படி எவ்வளவு பெரிய இடம் அது?

பரப்பளவு 4,82,443 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். அவ்வளவு நிலத்தில் வாழ்பவர்கள் சுமார் 45 ஆயிரம் பேர். அவர்களிலும் பெரும்பகுதியினர் தலைநகரான வைட்ஹார்ஸிலேயே இருக்கிறார்கள். ஊரைத் தாண்டி அரை மணி நேரம் ஓட்டினால் எதிரே வண்டி வருவது குறையும். இன்னும் வடக்கே போனால் ஒரு வண்டியைப் பார்த்ததும் இருவரும் கையசைத்துக்கொள்வீர்கள்.

இந்த அளவு மனதில் பதியாவிட்டால் திட்டம் முழுக்கத் தப்பாகப் போகும். வரைபடத்தில் யூக்கானில் சாலைகள் மிகக் குறைவு என்பதால் எல்லாம் பக்கம் பக்கமாகத் தெரியும். என்னிடம் காட்டப்படும் திட்டங்களில் பத்துக்கு எட்டில் வைட்ஹார்ஸ், பழைய தங்க வேட்டை ஊரான டாசன் சிட்டி, ஆர்க்டிக் கடல், க்ளுவானி தேசியப் பூங்கா, அலாஸ்கா என எல்லாமே எட்டு நாளில் அடங்கியிருக்கும். நான் முதலில் சொல்வது, பாதியை அடித்துவிடுங்கள் என்பதுதான். வண்டியின் கண்ணாடி வழியாக யூக்கானைப் பார்த்துவிட்டு வருவதற்கு இத்தனை செலவு செய்ய வேண்டாம்.

குறைந்தது எத்தனை நாள் வேண்டும்?

விமானப் பயண நாட்களைக் கழித்துப் பத்து நாள். அதற்குக் குறைவாக இருந்தால் ஒரே திசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள்தான் என்றால் வைட்ஹார்ஸும் க்ளுவானியும் போதும். வைட்ஹார்ஸில் இருந்து க்ளுவானியின் வாசலான ஹெய்ன்ஸ் ஜங்ஷன் சுமார் 155 கிலோமீட்டர்தான், நல்ல தார்ச்சாலை.

பத்து நாள் இருந்தால் நான் பிரிக்கும் விதம் இது. வைட்ஹார்ஸில் இரண்டு நாள். அதில் ஒரு நாள் தெற்கே கார்கிராஸ் பக்கம் போய் எமரால்டு ஏரியையும், அந்த ஊரை ஒட்டிக் கிடக்கும் சிறிய மணல்மேடுகளையும் பார்த்து வரலாம். பழைய பனியாற்று ஏரி ஒன்றின் அடிமணலில் உருவான மேடுகள் அவை. பிறகு க்ளுவானியில் மூன்று நாள். திரும்பி வந்து டாசன் சிட்டிக்கு ஒரு நாள் பயணம். 530 கிலோமீட்டர், நடுவில் நிறுத்தி நிறுத்திப் போனால் எட்டு மணி நேரம் ஆகும். டாசனிலும் டூம்ஸ்டோன் மலைப் பூங்காவிலுமாக மூன்று நாள். கடைசி நாள் திரும்பும் பயணம். இதற்கு மேல் ஒன்றும் சேர்க்காதீர்கள்.

எந்த மாதம் போகலாம்?

ஆகஸ்ட் கடைசி வாரம் முதல் செப்டம்பர் முதல் வாரம் வரை. என்னைக் கேட்டால் இதற்கு மாற்றே இல்லை.

காரணம் இது: ஜூன் 21-ஐ ஒட்டிய நாட்களில் வைட்ஹார்ஸில் சுமார் 19 மணி நேரம் வெயில். டாசனில் சூரியன் நள்ளிரவுக்குப் பிறகுதான் மறையும்; மறைந்தாலும் இருட்டாது. அது ஒரு தனி அனுபவம்தான், மறுக்கவில்லை. ஆனால் இரவே இல்லாத இடத்தில் துருவ ஒளியை, அதாவது வடக்கின் இரவு வானில் அசையும் வண்ண ஒளியை, பார்க்க முடியாது. ஆகஸ்ட் நடுவில் இருந்து இரவு திரும்பி வருகிறது, அதோடு துருவ ஒளியும் வருகிறது. அதே நாட்களில் டூம்ஸ்டோனின் புல்வெளிகளும் குட்டைச் செடிகளும் சிவப்பும் மஞ்சளுமாக மாறுகின்றன. கொசுவும் அடங்கிப் போயிருக்கும். செப்டம்பர் நடுவில் சுற்றுலாவை நம்பிய கடைகளும் விடுதிகளும் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கும். மாத இறுதியில் அரசு முகாம் திடல்களும் முடிந்துவிடும். அதனால் தள்ளிப்போடவும் கூடாது.

பள்ளிக்கூட விடுமுறையில்தான் வர முடியும் என்பவர்கள் ஜூலையில் வாருங்கள். காட்டுப்பூக்கள் நிறைந்திருக்கும். இரவு 11 மணிக்கும் வெளிச்சத்தில் நடக்கலாம். தூங்கும்போது கண்ணைக் கட்டிக்கொள்ள ஒரு துணி கொண்டு வாருங்கள்.

எப்படிப் போய்ச் சேருவது? விசா விஷயம் என்ன?

வான்கூவரில் இருந்து வைட்ஹார்ஸுக்கு விமானத்தில் சுமார் இரண்டரை மணி நேரம். இந்தியாவில் இருந்தோ இலங்கையில் இருந்தோ வருபவர்களுக்குக் கனடாவின் வருகையாளர் விசா வேண்டும். யூக்கானுக்கென்று தனி அனுமதி எதுவும் கிடையாது.

இங்கே பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. பலர் திட்டத்தில் சேர்க்கும் ஸ்காக்வே என்ற சிறிய ஊர் அலாஸ்காவில் இருக்கிறது, அதாவது அமெரிக்கா. வைட்ஹார்ஸில் இருந்து 175 கிலோமீட்டர்தான், சாலையும் அழகு. ஆனால் எல்லைச் சாவடியைத் தாண்ட வேண்டும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க விசா கட்டாயம். கனடாவின் நிரந்தரவாசி அட்டை கையில் இருந்தாலும் அது விசாவுக்கு ஈடாகாது. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் விசா இல்லை என்று சாவடிவரை போய்த் திரும்பியவர்கள் எனக்குத் தெரிந்தவர்களில் இருக்கிறார்கள். டாசனில் இருந்து அலாஸ்காவுக்குப் போகும் மலைமுகட்டுச் சாலையும் அப்படித்தான். அந்தச் சாவடி கோடையில் மட்டும், அதுவும் பகலில் மட்டும் திறந்திருக்கும்.

வண்டி வாடகைக்குக் கிடைக்குமா?

கிடைக்கும், முன்கூட்டியே பதிவு செய்தால். விமானச் சீட்டுக்கு முன்னால் வண்டியைப் பதிவு செய்யுங்கள் என்று சொல்வேன். ஊர் சிறியது, வண்டிகள் குறைவு, கோடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள். மொத்தச் செலவில் பெரிய பங்கும் இதுதான்.

பதிவு செய்யும்போது ஒரு கேள்வியை நேரடியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: சரளைச் சாலையில் ஓட்ட அனுமதி உண்டா? பெரும்பாலான ஒப்பந்தங்களில் இல்லை. அனுமதி இல்லாத சாலையில் வண்டி நின்றால் காப்பீடும் கைகொடுக்காது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு இழுவை வண்டி வரவழைக்கும் செலவு உங்கள் தலையில் விழும்.

டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் போகலாமா? ஆர்க்டிக் வட்டத்தைத் தொட்டுவிட்டு வர ஆசை.

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

டாசனுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் பிரிந்து வடக்கே இனுவிக் என்ற ஊர் வரை சுமார் 740 கிலோமீட்டர் போகிறது இந்தச் சாலை. 1959-இல் வேலை தொடங்கி 1979-இல் திறக்கப்பட்டது. ஏறக்குறைய முழுக்கச் சரளை. தார் போடாததற்குக் காரணம் சிக்கனம் மட்டும் இல்லை. அடியில் இருப்பது ஆண்டு முழுவதும் உருகாத உறைநிலம். அதன்மேல் நேராகச் சாலை போட்டால் வெப்பம் இறங்கி நிலம் உருகும், சாலை அமிழும். அதனால் உறைநிலத்துக்குப் போர்வை போர்த்தியதுபோல ஆளுயரத்துக்கு மேலும் சரளையைக் கொட்டி, அதன்மேல் சாலையை அமைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் மேல்பரப்பு சேறாகி வழுக்கும். காய்ந்தால் கல்லின் கூர்முனை டயரைக் கிழிக்கும்.

தொடக்கத்தில் இருந்து 71-ஆவது கிலோமீட்டரில் டூம்ஸ்டோன் பூங்காவின் விளக்க மையம். 369-ஆவது கிலோமீட்டரில் ஈகிள் பிளெயின்ஸ் என்ற இடத்தில் ஒரு விடுதியும் பெட்ரோல் பங்கும். நடுவில் வேறு பங்க் கிடையாது. ஆர்க்டிக் வட்டம் 405-ஆவது கிலோமீட்டரில். அங்கே ஒரு பலகை இருக்கிறது. அதைத் தாண்டினால் வடமேற்கு ஆட்சிப்பகுதி. பீல், மெக்கன்சி என்ற இரண்டு ஆறுகளை, வண்டியை ஏற்றிச் செல்லும் படகில் கடக்க வேண்டும். 2017 நவம்பரில் திறந்த சாலை வழியாக இனுவிக்கில் இருந்து டுக்டோயாக்டுக் வரை, ஆர்க்டிக் கடலோரம் வரை, இப்போது ஓட்டலாம்.

ஆசைப்பட்டால் போங்கள். ஆனால் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பதற்காக இரண்டு நாள் போக வர ஓட்டுவதைவிட, அதே இரண்டு நாளை டூம்ஸ்டோனில் கழிப்பது எனக்கு மேலாகப் படுகிறது. கருங்கல் முகடுகள் பற்களைப் போல நிற்கும் இடம் அது. சாலையோரத்தில் இருந்தே குறுநடைகள் உண்டு. நல்ல நடைப்பழக்கம் உள்ளவர்கள் கிரிஸ்லி ஏரிக்கு 11 கிலோமீட்டர் ஏறிப் போய்க் கூடாரத்தில் தங்கலாம்; அதற்கு முன்பதிவு வேண்டும்.

முழுச் சாலையும் போவதானால் முழு அளவு ஸ்டெப்னி இரண்டு வேண்டும். முதல் பயணத்தில் எனக்கு வாடகைக்குக் கிடைத்த வண்டியில் மெலிதான தற்காலிகச் சக்கரம் ஒன்றுதான் இருந்தது. எடுக்கும்போது பின்பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. 200-ஆவது கிலோமீட்டர் அருகே பஞ்சர் ஆகி, அந்தச் சிறிய சக்கரத்தை மாட்டிக்கொண்டு மெல்ல மெல்ல டாசன் வரை திரும்பி வந்தோம். ஒரு நாள் முழுக்கப் போயிற்று. வண்டியை வாங்கும்போதே ஸ்டெப்னியைக் கண்ணால் பாருங்கள், ஜாக்கி இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

அந்தச் சாலையின் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1910 டிசம்பரில் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற காவல் அதிகாரி மூன்று பேரோடு வடக்கே இருக்கும் ஃபோர்ட் மெக்ஃபர்சனில் இருந்து டாசனுக்கு நாய்ச்சறுக்கு வண்டிகளில் கிளம்பினார். வேகமாகப் போய்ச் சேர வேண்டும் என்று உணவைக் குறைத்துக்கொண்டார். வழியில் சில நாள் உதவிய க்விச்சின் பூர்வகுடிக்காரரைப் போதும் என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு திரும்ப வேண்டிய ஓடையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நாட்கள் ஓடின, உணவு தீர்ந்தது, இழுத்து வந்த நாய்களையே தின்றார்கள். திரும்பும் வழியில், கிளம்பிய ஊருக்குச் சில பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் நால்வரும் இறந்தார்கள். அவர்களைத் தேடிப் போய் 1911 மார்ச்சில் கண்டெடுத்தவர் டெம்ப்ஸ்டர். அவர் பெயர்தான் சாலைக்கு. ஈகிள் பிளெயின்ஸ் விடுதியில் அந்தப் பயணத்தின் பழைய படங்களைப் பார்க்கலாம்.

கரடி பயமாக இருக்கிறதே?

கிரிஸ்லி, கருங்கரடி இரண்டும் உண்டு. மூன்று பயணங்களிலும் பார்த்திருக்கிறேன், எல்லாம் வண்டிக்குள் இருந்தபடி. சாலையோரத்தில் செடி மேய்ந்துகொண்டிருக்கும். நிறுத்திக் கதவைத் திறந்து இறங்குபவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். கரடிக்கும் உங்களுக்கும் குறைந்தது 100 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது கனடா பூங்காக்களின் விதி.

நடக்கும்போது பேசிக்கொண்டே நடங்கள், நான்கு பேராகப் போவது நல்லது. திடீரென்று எதிர்ப்படுவதுதான் கரடியைச் சீண்டுகிறது. காலில் கட்டும் சிறுமணிகளை நம்பாதீர்கள். ஓடையின் இரைச்சலில் அது கேட்காது. மனிதக் குரல்தான் சரி. கரடியை விரட்டத் தெளிக்கும் காரமான கரடி ஸ்பிரேயை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுவர அனுமதி இல்லை, வைட்ஹார்ஸில் வாங்கிக்கொள்ளுங்கள். பையின் அடியில் வைக்காமல் இடுப்பில் மாட்டுங்கள். எதிரே கரடி நின்றால் ஓடக் கூடாது. தாழ்ந்த குரலில் பேசியபடி மெதுவாகப் பின்வாங்க வேண்டும்.

நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கரடியின் மோப்பம் நாயைவிடக் கூர்மை. கருவாடு, மீன்குழம்பு, நெய், பொடிகள், தாளித்த வாசனை ஏறிய சட்டை இவை எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. பற்பசையும் சோப்பும்கூட உணவுக் கணக்குதான். சமைத்த இடமும் தூங்கும் இடமும் தள்ளி இருக்கட்டும். மிச்சத்தை முகாமில் இருக்கும் கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டியில் போட்டுவிடுங்கள். க்ளுவானி ஏரிக்கரையில் காங்டன் கிரீக் முகாமில் கூடாரக்காரர்களுக்கு மின்வேலி போட்ட பகுதி இருக்கிறது. அங்கே கரடிக்குப் பிடித்த சோப்பெர்ரிச் செடிகள் நிறைய. அந்த வேலியை அலட்சியம் செய்யாதீர்கள். மனித உணவை ருசி பார்த்த கரடி மறுபடி மறுபடி வரும். கடைசியில் அதைச் சுட்டுவிடுவார்கள். நாம் சிந்திய ஒரு பிடி சோற்றுக்கு அது உயிரைக் கொடுக்கும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? நாங்கள் சைவம்.

வைட்ஹார்ஸில் கவலை இல்லை. பெரிய பல்பொருள் அங்காடிகளில் அரிசி, பருப்பு, தயிர், காய்கறி எல்லாம் கிடைக்கும். அதைத் தாண்டியபின் விலையும் ஏறும், கிடைப்பதும் குறையும். எனவே கிளம்பும் முன் அங்கேயே வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். சிறிய கேஸ் அடுப்பும் ஒரு குக்கரும் இருந்தால் முழுப் பயணமும் ஓடிவிடும். கேஸ் குடுவையை விமானத்தில் எடுத்துவர முடியாது, அங்கே வாங்க வேண்டும். நாங்கள் வறுத்த ரவையும், பருப்புப் பொடியும், புளிக்காய்ச்சலும் கொண்டுபோவோம். ஓடைத் தண்ணீர் பளிங்குபோல இருந்தாலும் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

கொசு?

ஜூன், ஜூலையில் மிக அதிகம். தலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் வலை வாங்கிக்கொள்ளுங்கள், வெளிர்நிற முழுக்கைச் சட்டை போடுங்கள். காற்றடிக்கும் திறந்த இடத்தில் கூடாரம் போட்டால் தொல்லை பாதியாகும்.

கைபேசி வேலை செய்யுமா? ஏதாவது ஆகிவிட்டால்?

ஊர்களிலும் அவற்றை ஒட்டியும்தான் இணைப்பு. நடுவில் மணிக்கணக்கில் ஒன்றுமே வராது. வரைபடங்களை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். வைட்ஹார்ஸில் வாடகைக்கும் கிடைக்கிறது.

பெரிய மருத்துவமனை வைட்ஹார்ஸில்தான். டாசனிலும் வாட்சன் லேக் என்ற ஊரிலும் சிறியவை உண்டு. மற்ற ஊர்களில் செவிலியர்கள் நடத்தும் சுகாதார நிலையங்கள். கடுமையான பாதிப்பு என்றால் விமானத்தில் தெற்கே கொண்டுபோக வேண்டியிருக்கும். ஒன்டாரியோ போன்ற வேறு மாகாணத்தின் காப்பீடு அந்தச் செலவைத் தாங்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பயணக் காப்பீடு தனியாக எடுங்கள்.

சாலை நிலவரத்துக்கு 511 யூக்கான் என்ற அரசுத் தளத்தைக் காலையில் கிளம்பும் முன் பாருங்கள். காட்டுத்தீயாலோ வெள்ளத்தாலோ நிலச்சரிவாலோ ஒரே நெடுஞ்சாலையும் மூடப்பட்டுவிட்டால் மாற்றுப்பாதை என்று ஒன்று இருக்காது. அதனால்தான் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே வைட்ஹார்ஸுக்கு வந்துவிடும்படி திட்டம் போடச் சொல்கிறேன்.

க்ளுவானியில் அப்படி என்ன இருக்கிறது?

கனடாவின் மிக உயரமான மலையான லோகன், 5,959 மீட்டர், இங்கேதான். துருவங்களை விட்டால் உலகின் மிகப் பெரிய பனிவெளிகளில் ஒன்று இந்தப் பூங்காவின் பெரும்பகுதியை மூடியிருக்கிறது. சாலையில் இருந்து பார்த்தால் முன்வரிசை மலைகள்தான் தெரியும், பனிவெளி அவற்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதைப் பார்க்க ஒரே வழி சிறு விமானம். ஒரு மணி நேரப் பறப்புக்கு விலை அதிகம்தான். முழுப் பயணத்தில் ஒன்றுக்கு மட்டும் தாராளமாகச் செலவு செய்வதானால் இதற்குச் செய்யுங்கள். வானிலையைப் பொறுத்துத் தள்ளிப்போகும் என்பதால் முதல் நாளே பதிவு செய்து, கையில் ஒரு நாளை மிச்சம் வைத்திருங்கள்.

ஏரியின் தெற்கு முனையில் ஆஆய் சூ என்று தென் டட்சோன் பூர்வகுடி மக்கள் அழைக்கும் பள்ளத்தாக்கு இருக்கிறது. ஸ்லிம்ஸ் ஆறு என்றும் சொல்வார்கள். 2016 வரை காஸ்காவுல்ஷ் என்ற பனியாற்றின் உருகுநீர் அந்த வழியாக க்ளுவானி ஏரிக்கு வந்து, பிறகு யூக்கான் ஆற்றோடு சேர்ந்து பெரிங் கடலுக்குப் போனது. பனியாறு பின்வாங்கிப் பின்வாங்கி, அந்த ஆண்டு வசந்தத்தில் சில நாட்களுக்குள் தண்ணீர் வேறு வழியைப் பிடித்துக்கொண்டது. இப்போது தெற்கே பசிபிக் கடலுக்குப் போகிறது. ஒரு ஆறு கண்முன்னே திசைமாறிப் போயிற்று. பழைய படுகையில் காற்றடித்தால் வெண்ணிறத் தூசி எழும்பிப் பள்ளத்தாக்கையே மறைக்கும். நான் அங்கே நின்ற அன்று அப்படித்தான் இருந்தது. சூடாகும் பூமியைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். அந்தத் தூசி கண்ணில் விழுந்தபோது ஏற்பட்ட கலக்கம் வேறு.

அந்த இடத்துக்கு எதிரே தச்சால் தால் என்ற மலையின் சரிவில் டால் செம்மறி என்ற காட்டு ஆடுகளைப் பார்க்கலாம். வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும், இருகண் நோக்கி கொண்டு போங்கள்.

ஆள் நடமாட்டமே இல்லாத வனாந்தரம்தானே அது?

இல்லை. இதை அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் விளம்பரங்கள் எல்லாம் யாரும் இல்லாத நிலம் என்றே காட்டுகின்றன.

யூக்கானில் 14 பூர்வகுடித் தேசங்கள் இருக்கின்றன. அவற்றில் 11 தேசங்கள் தன்னாட்சி ஒப்பந்தம் செய்துகொண்டு தங்கள் நிலத்தைத் தாங்களே ஆள்கின்றன. நீங்கள் நடக்கும் தடங்களில் பல, அவர்கள் வேட்டைக்கும் வணிகத்துக்கும் நடந்த தடங்கள். க்ளுவானியே இதற்குச் சாட்சி. 1942-இல் அமெரிக்க ராணுவம் அலாஸ்கா நெடுஞ்சாலையை எட்டே மாதத்தில் போட்டது. வந்தவர்கள் கண்டபடி வேட்டையாடினார்கள். அதைத் தடுக்க 1943-இல் அந்தப் பகுதி விலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தடை யார் மேல் விழுந்தது? காலங்காலமாக அங்கே வேட்டையாடி வாழ்ந்த குடும்பங்கள் மேல். அவர்கள் சொந்த நிலத்துக்குள் போக முடியாமல் ஆனார்கள். அந்த உரிமை ஒப்பந்தங்கள் மூலம் திரும்ப வரத் தொடங்கியது 1990-களில்.

டாசனில் இன்னொன்று நடந்தது. தங்கம் தேடி ஆயிரக்கணக்கானவர்கள் வந்து இறங்கியபோது, ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்களின் தலைவர் ஐசக் தன் மக்களை ஆற்றின் கீழ்ப்பக்கம் மூஸ்ஹைட் என்ற இடத்துக்கு அழைத்துப் போனார். தங்கள் பாடல்களும் ஆடல்களும் இந்தக் கூட்டத்தில் அழிந்துவிடும் என்று கண்டு, அலாஸ்காவில் இருந்த உறவினர்களிடம் அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கும்படி ஒப்படைத்தார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அவருடைய வழிவந்தவர்கள் அங்கே போய் அந்தப் பாடல்களைத் திரும்பக் கற்று வந்தார்கள். டாசன் ஆற்றங்கரையில் அவர்களுடைய பண்பாட்டு மையமான டனோஜா ஸோவில் இந்தக் கதையை அவர்கள் வாயாலேயே கேட்கலாம். தங்கச் சுரங்கத்துக்கு முன்னால் அங்கே போங்கள்.

தங்கம் சலிக்கலாமாமே?

1896 ஆகஸ்டில் டாசன் அருகே பொனான்ஸா என்று பின்னர் பெயர்பெற்ற ஓடையில் தங்கம் கிடைத்தது. செய்தி பரவி ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள். பாதிப் பேர்கூட டாசன் போய்ச் சேரவில்லை. ஓர் ஆண்டுக்கான உணவும் பொருளும், சுமார் ஒரு டன், கையில் இருந்தால்தான் எல்லையில் காவலர்கள் உள்ளே விட்டார்கள். அதைச் சிறுசிறு சுமையாக அலாஸ்கா எல்லையில் இருக்கும் சில்கூட் கணவாயில் திரும்பத் திரும்ப ஏறி இறக்கினார்கள்.

இப்போது அதே ஓடையில் பொதுமக்கள் இலவசமாகச் சலிக்க ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். தட்டை டாசனில் வாடகைக்கு எடுக்கலாம். தண்ணீர் விரல் மரத்துப் போகும் அளவுக்குச் சில்லென்று இருக்கும். குழந்தைகளுக்கு நகக்கண் அளவுகூட இல்லாத பொடித்துகள் ஒன்று கிடைத்தால் போதும், அன்று முழுக்க அதே பேச்சு.

குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. என் மாமியார் எழுபது வயதில் வந்தார். அவருக்கு ஏற்றபடி ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டவில்லை, கூடாரத்துக்குப் பதில் அறை எடுத்தோம், படுக்கை உள்ள கேம்பர் வண்டியும் நல்ல வழிதான். வைட்ஹார்ஸை ஒட்டிய மைல்ஸ் கேன்யன், க்ளுவானியின் கத்லீன் ஏரிக்கரை, கார்கிராஸ் எல்லாம் அதிகம் நடக்காமல் பார்க்கக்கூடியவை. மங்கி குல்லாவும் கம்பளிச் சட்டையும் ஆகஸ்டிலும் வேண்டும். டூம்ஸ்டோனில் எந்த மாதத்திலும் பனி விழலாம்.

துருவ ஒளிக்காகக் குளிர்காலத்தில் போவது?

அது வேறு வகைப் பயணம். வைட்ஹார்ஸை விட்டு அதிகம் நகராமல், அங்கிருக்கும் வழிகாட்டிகளோடு போவதுதான் பாதுகாப்பு. பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிர் வரக்கூடும். 1947 பிப்ரவரியில் ஸ்நாக் என்ற இடத்தில் மைனஸ் 63 டிகிரி பதிவாயிற்று. தரமான குளிர்கால உடைகளை அங்கே வாடகைக்கு எடுக்கலாம். அதற்காக ஊரில் இருந்து வாங்கிச் சுமக்க வேண்டாம். குறைந்தது நான்கு இரவு தங்குங்கள். மேகம் ஓர் இரவில் விலகும், ஓர் இரவில் விலகாது.

யூக்கான் ஆற்றில் படகு விட முடியுமா?

துடுப்புப் படகு பழகியவர்கள் வைட்ஹார்ஸில் இருந்து டாசன் வரை 700 கிலோமீட்டருக்கு மேல் ஆற்றோடு போகிறார்கள்; சுமார் இரண்டு வாரம். பழகாதவர்கள் வழிகாட்டியோடு ஒரு நாள் போய் வாருங்கள். கோடையிலும் தண்ணீர் கடுங்குளிர். விழுந்தால் நிமிடங்களில் கை கால் செயலிழக்கும், மிதவைச் சட்டையைக் கழற்றவே கூடாது.

மீன் பிடிக்கும் எண்ணம் இருந்தால் விதிகளை முன்பே படியுங்கள். பெரிங் கடலில் இருந்து மூவாயிரம் கிலோமீட்டர் எதிர்நீச்சல் போட்டு வரும் சினூக் சால்மன்கள் மிகவும் குறைந்துவிட்டன. 2024-இல் கனடாவும் அலாஸ்காவும் சேர்ந்து அவற்றைப் பிடிப்பதை ஏழு ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தன. அந்த மீனையே நம்பி வாழ்ந்த பூர்வகுடி மக்கள் தங்கள் வலைகளைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள்.

எல்லாம் போக ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. எங்கே போகலாம்?

எங்கும் போகாதீர்கள். இருக்கும் இடத்திலேயே இருங்கள். செப்டம்பர் பயணத்தில் கத்லீன் ஏரிக்கரையில் அப்படி ஒரு நாள் இருந்தோம். காலையில் ஏரி முழுக்க மூடுபனி. பத்து மணிக்கு அது மேலே எழும்பி, எதிரில் இருந்த மலையின் அடிவாரம் முதலில் தெரிந்தது, பிறகு இடுப்பு, மதியத்துக்குத்தான் முகடு. சாயங்காலம் காற்று வந்து அலை அடித்தது. இரவு ஒன்றரை மணிக்கு மனைவி எழுப்பினாள். மலைக்கு மேலே பச்சை நிறத்தில் ஒரு கோடு நின்றது. கொஞ்ச நேரத்தில் அது அசைய ஆரம்பித்தது. ஏரியிலும் அசைந்தது.